மாடியில் சிக்னல் இல்லை

"சிக்னல் எப்படிப்பா இருக்கு?"

"அருமையா இருக்கும்மா. நாலு கோடும் முழுசா நிக்குது. இந்தத் தெருவுல இவ்வளவு நல்லா நான் வேற எங்கயும் பார்க்கல."

மாடிவீட்டு அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா. சரி, போகட்டும். வரலன்னு சொல்லிடு."

இணைப்புக் கொடுக்க வந்த இளைஞன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். வயர் இல்லாத வீட்டுப் போன். இன்டர்நெட்டும் அதிலேயே வரும். கம்பெனி புதிதாகக் கொண்டுவந்தது. சிக்னல் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். வருகிற சிக்னலை வரவில்லை என்று சொல்லச் சொன்னவர் இவர்தான்.

"யார்கிட்டம்மா சொல்லணும்?"

"கீழ்வீட்டுத் தையல்காரிகிட்ட." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அவ பொண்ணுக்கு அடுத்த மாசம் நர்ஸ் படிப்புக்குப் பரீட்சை. பாடமெல்லாம் இன்டர்நெட்லதான் நடத்துறாங்க. அம்மாவோட செல்போன்ல டேட்டா பாதிப் பாடத்துலயே தீர்ந்துபோயிடுது. 'ஐயோ, போச்சு'ன்னு அந்தப் பொண்ணு தினமும் புலம்புறது எனக்கு ஜன்னல் வழியா கேக்குது. இப்படியே போனா எப்படிப்பா பாஸ் பண்ணும்?"

"அதுக்கென்னம்மா, இந்தாங்கன்னு பெட்டியைக் கொடுத்துட வேண்டியதுதானே?"

"கொடுத்தா வாங்குவாளா? கூடையில கயிறு கட்டி ஒரு முட்டை இறக்கினா, சாயங்காலமே ரெண்டு முட்டை மேல ஏறி வரும். அவ்வளவு ரோஷம். அவகிட்ட கொடுக்கக் கூடாது, கேக்கணும். 'மேல சிக்னல் வரல, உன் வீட்டுல வெச்சுக்கட்டுமா'ன்னு கேட்டா, எனக்கு உதவி பண்றதா நெனச்சு வெச்சுக்குவா."

அவன் தலையைச் சொறிந்தான். "பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா. ஆண்டவனைக் கும்பிட்டுட்டுத்தான் தினமும் வண்டியையே எடுக்கிறேன்."

"நீ ஒண்ணும் பேச வேணாம். பொய்யெல்லாம் என் கணக்குல போகட்டும். நீ பக்கத்துல சோகமா நில்லு, போதும்."

அம்மாள் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடி எடுத்தார். தூசி தட்டி மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தவர், முதல் படியிலேயே நின்றுவிட்டார். பிறகு கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "நீ முன்னால போ" என்றார். முட்டிவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் அவன்.

கீழே தையல்காரி யூனிஃபார்ம் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவரைக் கண்டதும் மிஷின் சட்டென்று நின்றது. நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அள்ளி ஒதுக்கினாள்.

"வாங்கக்கா. உட்காருங்க."

"உட்கார்றது இருக்கட்டும், இந்தக் கொடுமையைக் கேளு. ஆசையா போன் வாங்கினேன். மேல ஒரு கோடுகூட வரல. பாவம், இந்தத் தம்பி பரண் மேலகூட ஏறிப் பார்த்துட்டான். உன் ஜன்னல்கிட்டதான் வருமாம். இங்க வெச்சுக்கட்டுமாடி? நெட்டு வேற இருக்கு, அது எனக்கெதுக்கு? யாராவது உபயோகிச்சாத்தான் பெட்டி கெட்டுப்போகாதாம்."

பெட்டியைப் பற்றி அப்படியொரு தகவலை அவனே இப்போதுதான் கேள்விப்படுகிறான். சொன்னபடி சோகமாக நின்றான்.

தையல்காரி முதலில் அம்மாளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"வெச்சுக்கலாம்க்கா. ஆனா போன் வந்தா நான் தூக்கிக்கிட்டு மேல ஓடிவர மாட்டேன். என் வேலை கெட்டுடும். நீங்கதான் இறங்கி வரணும்."

"வர்றேன்டி."

"உங்க தங்கச்சி இனிமே இதுலதானே தினமும் சாயங்காலம் கூப்பிடுவாங்க? மணி அடிச்சப்புறம் அவசரமா இறங்காதீங்க. முன்னாடியே வந்து உட்கார்ந்துக்கங்க."

"சரிங்க மகாராணி, உத்தரவு."

அம்மாள் சிரித்தார். அவனுக்குத்தான் சுருக்கென்றது. வலியோடு இறங்கி வந்தவரிடம் இப்படியா பேசுவது?

பெட்டி ஜன்னலோரம் ஏறியது. தையல்காரியின் மகள் அம்மாவின் செல்போனில் பாடத்தைத் திறந்தாள். ஆசிரியரின் குரல் தடங்கலில்லாமல் வர வர, அவள் முகம் மலர்ந்தது. அம்மாள் அதைக் கவனிக்காதவர் போல நூல்கண்டுகளை வேடிக்கை பார்த்துவிட்டு, "அப்போ நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார். ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துபோனார்.

அவனும் பையை மாட்டிக்கொண்டான்.

"நில்லுங்க தம்பி." தையல்காரி வாசல்வரை வந்தாள். "என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மேல சிக்னல் வருதா, இல்லையா?"

அவன் திரும்பி, ஜன்னலோரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் பெட்டி மேலே போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் எந்த முகத்தோடு கும்பிடுவது?

"வருதும்மா. நாலு கோடும் வருது" என்றான் மெல்ல. "பாப்பா படிப்புக்காகத்தான் அவங்க... தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடாதீங்க."

"தெரியும் தம்பி. எதிர்ல டவர் நிக்குது. மாடியில சிக்னல் வரலன்னா நம்புறதுக்கு நான் என்ன பச்சைக்குழந்தையா?"

"தெரிஞ்சுமா வாங்கிக்கிட்டீங்க? அதுவும் போதாதுன்னு, அவங்களைத் தினமும் படியிறங்கி வேற வரச் சொல்றீங்களே?"

"ஓசியில வாங்கறது எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் வாங்கிட்டேன்." அம்மாள் ஏறிப்போன படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. கண்கள் நிறைந்திருந்தன, உதடு சிரித்தது. "அவங்க வீட்டுக்காரர் தவறினதுலேர்ந்து அக்கா வாசலைத் தாண்டினதே இல்ல தம்பி. கூப்பிட்டுக் கூப்பிட்டு நானும் ஓய்ஞ்சுட்டேன். இன்னைக்குத்தான் இறங்கி வந்திருக்காங்க."