நோட்டீஸ் வாங்கிய ஒருவர்

"சொந்த ஊரு எதும்மா?"

"இதுதானுங்க."

"பொறந்த ஊரைக் கேக்கறேன்."

"பொறந்தது எருமப்பட்டிப் பக்கமுங்க. மழை தண்ணி இல்லாமப் போயி இங்க வந்துட்டோம். பதினோரு வருசமாச்சு. இனி இதுதானுங்க ஊரு."

கூண்டில் நின்ற முத்தாயம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சந்தையில் மூட்டை சுமக்கிறவள். கேள்வி கேட்டவர் நகராட்சியின் வக்கீல் காளியண்ணன்.

சந்தைக்குப் பின்னால் சாக்கடைக் கரையில் இருபத்திமூன்று குடிசைகள் இருந்தன. ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. இருபத்திரண்டு குடும்பங்கள் அதை எதிர்த்து முன்சீப் கோர்ட்டுக்கு வந்துவிட்டன. குடிசைக்காரர்கள் நகராட்சி மேலேயே கேஸ் போடுவதை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. 1986 சித்திரை வெயிலிலும் கோர்ட் வாசலில் நிற்க இடமில்லை.

"நோட்டீஸ் வந்துச்சா?" என்றார் காளியண்ணன்.

"வந்துச்சுங்க."

"கையெழுத்துப் போட்டு வாங்கினயா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"அதுல எம் பேரு இல்லீங்களே. குடிசை நம்பர் ஏழுன்னு இருந்துச்சு. எம் பேரு ஏழு இல்லீங்க, முத்தாயம்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"அரசாங்க எடத்துல குடிசை போடறது தப்புன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுமுங்க. சாக்கடை நாத்தத்துல புள்ளைகுட்டியோட படுத்துக் கெடக்கோணும்னு எங்களுக்கு மட்டும் ஆசையாங்க? வேற எடம் காட்டுங்க, நாளைக்கே போயிர்றோம். காட்டாமப் புடுங்கிப் போட்டீங்கன்னா, அதே எடத்துல மறுக்காப் போடுவேன். எத்தனை தடவை புடுங்குனாலும் போடுவேன்."

"கோர்ட்ல நின்னுக்கிட்டு மிரட்டறயா?"

"மிரட்டலைங்க. செய்யப் போறதைச் சொல்றேன்."

அவள் இறங்கிப் போய் மற்றவர்களோடு நின்றாள். குடிசைக்காரர்களுக்காக ஃபீஸ் வாங்காமல் வாதாடிய இளம் வக்கீல் அருணகிரி எழுந்தார்.

"பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்குல போன வருசம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குங்க. பிழைப்பைப் பறிக்கறது உயிரைப் பறிக்கற மாதிரிதான்னு. இவங்களுக்கும் அது பொருந்தும்."

காளியண்ணன் விடவில்லை. "அது அந்த ஊர்லயே வேலை செஞ்சு பொழைக்கறவங்களைப் பத்தின வழக்கு. இவங்க நாடோடிங்க. இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கியோ. இந்த ஊர்ல வேலை பாக்கறோம்னு காட்டறதுக்கு ஒரே ஒரு ஆளுக்காவது ஒரு துண்டுக் காகிதம் இருக்கா? இருந்தாக் கொண்டு வரச் சொல்லுங்க."

அருணகிரியிடம் காகிதம் இல்லை. மூட்டை தூக்குகிறவளுக்கு யார் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள்? ரேஷன் கார்டு கேட்டுப் போனபோது, கதவு எண் இல்லாத வீட்டுக்குக் கார்டு கிடையாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அவர் கேக்கறது சரிதானே, மிஸ்டர் அருணகிரி?" என்றார் நீதிபதி. அருணகிரி உட்கார்ந்தார்.

அடுத்து நகராட்சித் தரப்பு சாட்சி. நோட்டீஸ் கொடுத்த பியூன் சென்றாயன், துவைத்து மடித்த காக்கிச் சட்டையோடு கூண்டில் ஏறினார். அவரைப் பார்த்ததும் முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிசை குடிசையாப் போயி நோட்டீஸ் குடுத்தது நீதானே?" என்றார் காளியண்ணன்.

"ஆமாங்க."

"ஒண்ணும் விட்டுப் போகலையே?"

"இல்லீங்க. இருபத்திமூணும் குடுத்தேனுங்க. இருபத்திரெண்டு பேரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. ஒருத்தர் மட்டும் போட்டாருங்க."

காளியண்ணன் அந்த ஒரு காகிதத்தை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். "கோர்ட்டார் கவனிக்கணும். அத்தனை பேர்ல சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இவர் ஒருத்தர்தான். கேஸ்லயும் இவர் சேரலை."

நீதிபதி காகிதத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஒரே கிறுக்கலா இருக்கே. இவரும் நாடோடிதானா?"

"இல்லீங்கய்யா," என்றார் சென்றாயன். "இந்த ஊர்லதான் வேலை பாக்கறாருங்க. எட்டு வருசமாச்சுங்க."

அருணகிரி சட்டென்று எழுந்தார். "அதுக்கு அத்தாட்சி இருக்கா?"

"இருக்குங்க. நகராட்சி ஆபீஸ் சம்பள ரிஜிஸ்டர்ல மாசாமாசம் கையெழுத்துப் போடறாருங்க."

காளியண்ணனின் முகம் மாறியது. "என்னய்யா சொல்றே? நகராட்சியில வேலை பாக்கற ஆளு அந்தச் சாக்கடைக் கரையில எதுக்குக் குடியிருக்கான்?"

"வாடகைக்கு ஊடு கேட்டுப் போனா என்ன ஆளுங்கன்னு கேக்கறாங்க. சொன்னா ஊடு இல்லீங்கறாங்க. வேற எங்க போறதுங்க?"

"யாருய்யா அந்த ஆளு?" என்றார் நீதிபதி. "பேரைச் சொல்லு."

"நாந்தானுங்க," என்றார் சென்றாயன். "எனக்கு நானே நோட்டீஸ் குடுத்து நானே கையெழுத்தும் போட்டேன், அப்பத்தானுங்களே இங்க கூப்புட்டு யாருன்னு கேப்பீங்க."