வியாழக்கிழமைச் சட்டை

"ஏங்க, நாள் பூரா லிஃப்டுக்குக் கிரீஸ் போடற ஆளுக்கு சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டை எதுக்கு?"

கணவன் பித்தான் போடுவதை நிறுத்தவில்லை. "ஒரு கூட்டம் இருக்கு."

"என்ன கூட்டம்?"

"சொன்னா சண்டைக்கு வருவே."

"அப்ப சண்டை போடற மாதிரி ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவன் அவள் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தான். "சாப்பிட்டுட்டுப் படுத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வழக்கம்போல அவளுடைய ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே வந்துவிடுவாள் என்ற பயம்தான், வேறென்ன!

இது பத்தாவது வியாழக்கிழமை. பல் டாக்டரிடம் பார்த்த வரவேற்பாளர் வேலை போனதிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் எல்லாம் கண்ணில் படுகிறது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அலமாரியைக் குடைகிறான். பரண்மேல் கை விட்டுத் துழாவுகிறான். எதையோ ஒளிக்கிறான். கேட்டால் வாயே திறப்பதில்லை.

போதாக்குறைக்கு இன்று காலை, அவன் குளிக்கும்போது போனில் வந்த அந்தச் செய்தி. 'இன்னைக்குக் கட்டாயம் வந்துடுங்க. நீங்க எதிர்ல இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வருது.' அனுப்பியவளின் படத்தில் பச்சைச் சட்டையும் பல்வரிசையும் பளிச்சென்று இருந்தன.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"உங்க மாமாவுக்கு ஒருத்தி கிடைச்சிட்டாடி!"

"மாமாவுக்கா? அக்கா, அவரைப் போய்ச் சந்தேகப்படறியே. முதல்ல நீ உன்னைக் கவனி."

"நீயும் அவர் கட்சியா?" போனை வைத்துவிட்டாள்.

கை நடுங்கியது. கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள். கொஞ்சம் தைரியம் வந்தது. வாசலில் இறங்கி டாக்ஸி பிடித்து, பஸ் நிறுத்தத்தில் நின்ற கணவனைக் காட்டி, "அவர் ஏறற பஸ் பின்னாடியே போங்க" என்றாள்.

ஒரு செருப்புக்கடைக்கு மேலிருந்த மாடிக்கு அவன் ஏறிப் போனான். அவளும் ஏறினாள். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் கதவுகள். முதல் கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக எட்டிப் பார்த்தாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவனுக்கு எதிரே அந்தப் பச்சைச் சட்டைக்காரி. படத்தில் இருந்ததைவிட வயது அதிகம்; ஆனாலும் லட்சணமாகத்தான் இருந்தாள்.

அவன் பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவன், கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு! அவளிடம் அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பச்சைச் சட்டைக்காரி எழுந்து வந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அவள் முன்னால் ஒரு தடவைகூட அழுததில்லை. அவன் கண்ணீரைக்கூட இவள் பங்கு போட்டுக்கொண்டாளா?

கதவின் கைப்பிடியில் அவள் கை வைப்பதற்குள், தண்ணீர் ஜாடியோடு பச்சைச் சட்டைக்காரியே வெளியே வந்தாள்.

"என் புருஷன் தோள்ல கை வைக்க நீ யாரு?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள். பிறகு அவளை அடையாளம் தெரிந்ததுபோல முகம் இளகியது. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"நீங்கதானா? உங்க போட்டோவைக் காட்டியிருக்கார். உங்களைப் பத்திப் பேசாத வாரமே கிடையாது."

"என்னைப் பத்தி உன்கிட்ட என்ன பேச்சு? இங்க என்ன நடக்குது?"

"என் வீட்டுக்காரர் குடிக்கிறவர். உள்ளே இருக்கிற எல்லார் வீட்டிலயும் இதே கதைதான். வாராவாரம் வந்து மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டுப் போவோம்."

"சும்மா அளக்காதே! அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை."

"தெரியும்மா" என்றாள் அந்தப் பெண் தணிந்த குரலில். "இது கூட இருக்கிறவங்களுக்கான கூட்டம். குடியை நிறுத்தணும்னு வர்றவங்களுக்கு அந்த எதிர் அறை."

உள்ளே யாரோ பேசும் சத்தம் மெல்லக் கேட்டது. அவள் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தாள்; திறக்காமல் மறுபடி உள்ளே வைத்தாள். பிறகு வராந்தாவைக் கடந்து எதிர்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் கேட்டார், "முதல் தடவையா? உள்ள வாங்க. யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்காகத்தான்" என்றாள். "எங்க வீட்டுல குடிக்கிறது நான்தான்."