மேற்கு ஜன்னல்

ஏப்ரல் 9. ஹால் ஜன்னலின் அளவை நேற்று தவறாகக் குறித்துவிட்டேன். சட்டத்தையும் சேர்த்து அளந்திருக்கிறேன். கண்ணாடி மட்டும் என்றால் நாற்பத்திரண்டு அங்குலம்.

நோட்டில் எழுதியதை அவள் இரண்டு முறை படித்தாள். நாற்பத்திரண்டுதானா? மறுபடி டேப்பை எடுத்தாள்.

அதற்குள் ஜன்னல் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டுகிறவர் வந்துவிட்டார்.

அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். சாயங்கால வெயில் நேராக உள்ளே விழுகிறது, எதிர்ச் சுவரில் அம்மாவின் படம் வெளுத்துப்போகிறது என்றார். படத்தை வேறு சுவரில் மாட்டலாமே என்று அவள் கேட்டாள்.

வந்தவர் பெயர் ஜெயசீலன். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கறுப்புப் பிலிமை விரித்து, குமிழில்லாமல் தேய்த்தார்.

அறை மங்கியது. படத்தில் அம்மாவின் முகம் ஓர் அடி பின்னால் போனது போலிருந்தது.

அப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடங்களாக அப்படித்தான் உட்காருகிறார். திரும்பாமலே கேட்டார்.

"வெளிய இருந்து பாத்தா உள்ள இருக்கற ஆள் தெரியுமா?"

"ம்கூம். நெழலுகூடத் தெரியாதுங்க."

"உள்ள இருந்து?"

"ரோட்டுல எறும்பு போனாலும் தெரியுமுங்க. நீங்க பாட்டுக்கு யார வேணாலும் பாருங்க, வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை.

ஜெயசீலன் திரும்பினார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"பிலிம் இன்னும் தண்ணியிலதான் நிக்குதுங்க. நாளைக்குச் சொல்லுங்க. வேண்டாம்னா உரிச்சுக்கலாம்."

"நீயே ரோட்டுல நின்னு பாத்துச் சொல்லு கண்ணு," என்றார் அப்பா.

ஐந்தரைக்கு அவள் பஸ் நிறுத்தத்தில் இருந்தாள். வீட்டுக்கு நேர் எதிரே. மாலைக் கல்லூரிக்கு அவள் தினமும் பஸ் ஏறும் இடம்.

அண்ணன் வந்தான். எப்போதும்போல் நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் நின்றான்.

அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, விபத்து நடந்த அன்று வண்டி ஓட்டியவன் அவன்தான். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னார். என் கண்ணில் படாதே.

அவன் படுவதில்லை.

ஆனால் தினமும் வருவான். இந்த நேரத்து வெயில் முதல் மாடி ஜன்னலில் நுழைந்து அம்மாவின் படத்தில் போய் விழும். தூணின் பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும். வெயில் இறங்கும்வரை பார்ப்பான். அப்பா விளக்குப் போட்டுத் திரையை இழுப்பதற்குள் கிளம்பிவிடுவான்.

அவள் அப்பாவிடம் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்வதில்லை.

இன்று ஜன்னலில் முகம் இல்லை. கறுப்பாக ஒரு சதுரம். அதில் கொஞ்சம் வானம், குறுக்கே ஒரு மின்கம்பி.

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். பழைய இடத்துக்கே வந்தான்.

படம் வெளுக்கிறதாம் என்று அவள் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லிடறேன்ணா. உரிச்சுக்கலாமாம்."

"இருக்கட்டும் பாப்பா. வெளுக்குதுன்னா இருக்கட்டும்."

சிங்காநல்லூர் பஸ் வந்தது. இன்று அதற்காகக் காத்திருந்தவன்போல் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வகுப்புக்குப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள். ஆனால் எதையும் முழுதாகப் பார்க்காமல் சொல்ல அவளுக்கு வராது. இருட்டும்வரை நிற்கலாம் என்று நினைத்தாள். அதுவும் தப்போ என்று நினைத்தாள். நின்றாள்.

ஆறரை. ஜன்னலில் இருந்த வானம் சாம்பலாயிற்று.

ஆறே முக்கால். வீட்டில் விளக்கு எரிந்தது.

கறுப்பு போய்விட்டது.

நாற்காலி தெரிந்தது. சுவர் தெரிந்தது. அம்மா, மங்கலாக.

நாற்காலியில் அப்பா இல்லை. ஜன்னலோடு ஒட்டி நின்றார். நெற்றி கண்ணாடியில் பதிந்திருந்தது. உள்வெளிச்சம் மறைக்காமலிருக்க இரண்டு கைகளையும் கண்களின் ஓரத்தில் குவித்திருந்தார்.

திரையை இழுக்கவில்லை. பிலிம் இருக்கும்போது இனி எதற்கு என்று நினைத்திருப்பார்.

வெளியே இருட்டி உள்ளே விளக்கு எரிந்தால் இந்தப் பிலிம் யாரையும் மறைப்பதில்லை. ஜெயசீலன் அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாது.

அவர் சாலையைப் பார்க்கவில்லை. பஸ்களைப் பார்க்கவில்லை.

தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் அதன் பின்னால் நிற்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போது ஒதுங்கினாள் என்று நினைவில்லை.

ஒரு பஸ் வந்து ஜன்னலை மறைத்தது. போயிற்று. அவர் அசையவில்லை.

அவள் மாடி ஏறி வந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். முதுகு ஜன்னலுக்கு. நெற்றியில் சோப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம்.

"எப்படி இருக்கு கண்ணு?"

"உள்ள ஒண்ணுமே தெரியலப்பா."

அவர் மெல்லத் தலையாட்டினார்.

அவள் நோட்டை எடுத்தாள். தேதிக்குக் கீழே எழுதினாள்.

நாளை: பிலிம் அப்படியே இருக்கட்டும் என்று ஜெயசீலனுக்குப் போன் செய்ய வேண்டும். அண்ணனை ஏழு மணி பஸ்ஸில் போகச் சொல்ல வேண்டும்.