புதிர்த் தோட்டத்தில் எடித்

ஷூ கயிற்றைக் கட்டிவிடச் சொல்லிக் குழந்தை காலை நீட்டுகிறாள். தாய்க்காரி குனியக்கூட இல்லை.

“அப்பாகிட்டப் போ” என்றாள் ஜெம்மா.

ஐந்து வயது எடித் முகம் சுருங்கிப் போய், காரிலிருந்து சாப்பாட்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த டங்கனிடம் ஓடினாள். அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஈரப் புல்லில் மண்டி போட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டான்.

டங்கனின் அக்கா பமீலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தம்பி குடும்பத்தை அவள் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. பழைய ஆஷ்கோம் மாளிகையை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், நீங்களும் கண்டிப்பாக வர வேண்டும் என்று ஜெம்மாதான் போன் செய்து கூப்பிட்டிருந்தாள்.

கோடைக்காலம் என்று பேர்தான். வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது.

ஜெம்மா ரொம்பவே இளைத்திருந்தாள். அழகாகத் தெரிய வேண்டுமென்று பட்டினி கிடக்கிறாள் போலிருக்கிறது, பிள்ளையைக் கவனிக்க எங்கே நேரம் என்று பமீலா நினைத்துக்கொண்டாள்.

மாளிகைக்குள்ளும் அதே கதைதான். அங்கே வாழ்ந்த அந்தக் காலத்துப் பிரபு ஒருவர் படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் எதுவும் தெரியாமல், எடித் அம்மாவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்பா தூக்குவார் என்று சொல்லிவிட்டு ஜெம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

தூறல் விட்ட நேரத்தில் ஏரிக்கரையில் விரிப்பைப் போட்டுச் சாப்பிட்ட பிறகு, குழந்தையின் பின்னல் அவிழ்ந்து போயிற்று. அம்மாதான் பின்ன வேண்டும் என்று அழுகை. டங்கன் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பின்னியது வைக்கோல் புரி மாதிரி இருந்தது. பக்கத்து விரிப்பில் இருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெம்மா ஏரியைப் பார்த்தபடியே, “மூணாப் பிரிச்சுக்கோ டங்கன். இறுக்கிப் பிடிக்காதே, அவளுக்கு வலிக்கும்” என்றாள். அவ்வளவுதான். கையை நீட்டவில்லை.

பமீலாவுக்குப் பொறுக்கவில்லை. கூடையைக் காரில் வைக்கப் போன தம்பியின் பின்னாலேயே போனாள். வீட்டிலும் இப்படித்தானா, எல்லாம் உன் தலையில்தானா, அவளுக்கு என்னதான் வேலை என்று கேட்டாள். “விடு பமீலா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. கோடையில் மகரந்தத் தூள் பட்டாலே அவனுக்கு அப்படித்தான் ஆகும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாளிகைக்குப் பின்புறம் ஒரு புதிர்த் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளை மதில் மாதிரி வெட்டி விட்டிருந்தார்கள். உள்ளே போனால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். டங்கன் டீ வாங்கப் போனான். பெண்கள் இருவரும் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எடித் ‘நான் தனியாவே போவேன்’ என்று உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் தூறல் வலுத்தது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

“அம்மா! வழி தெரியல! அம்மா!”

ஜெம்மா அசையவில்லை.

பமீலா எழுந்தாள். ஜெம்மா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். எலும்பும் தோலுமான கையில் அத்தனை பலம் இருக்கும் என்று பமீலா எதிர்பார்க்கவில்லை.

“போகாதீங்க. டங்கன் வந்துட்டிருக்கான்.”

“உனக்குக் காது கேக்குதா இல்லையா? உன்னைத்தான் கூப்பிடுறா.”

“கேக்குது.”

“கேட்டுமா உக்காந்திருக்கே? நானும் மூணு பிள்ளை பெத்து வளர்த்தவதான். உன்னை மாதிரி ஒரு தாயை நான் பார்த்ததில்லை.”

ஜெம்மா கையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே குழந்தை “அம்மா, அம்மா” என்று ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகியது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. மழை மட்டும் இலைகளின் மேல் பெய்துகொண்டிருந்தது.

அப்புறம், வேறு மாதிரி ஒரு குரல்.

“அப்பா! அப்பா, நான் இங்க இருக்கேன்! அப்பா வா!”

டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த டங்கன் அதை அப்படியே புல்லில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். “வந்துட்டேன்டா செல்லம், கூப்பிட்டுக்கிட்டே இரு” என்று அவன் குரல் செடிகளுக்கு அந்தப் பக்கம் தேய்ந்து போயிற்று.

ஜெம்மா பிடியைத் தளர்த்தினாள்.

பமீலா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “பார்த்தியா? பெத்தவளைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு அந்தக் குழந்தைக்கே புரிஞ்சு போச்சு. உனக்கு இது உறைக்குதா?”

ஜெம்மா நிமிர்ந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. ஆனால் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று.

“பயந்து அழுறப்போ, இன்னிக்குத்தான் முதல் தடவையா அப்பாவைக் கூப்பிட்டிருக்கா” என்றாள்.

“இதுல சந்தோஷம் வேறயா உனக்கு?”

“இந்த வருஷம் இலை கொட்டுற வரைக்கும்தான் நான் இருப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பமீலா. கூப்பிட்டா வரக்கூடிய ஆளைக் கூப்பிட, அவ இப்பவே பழகிக்கணும் இல்லையா?”