மேஜைக்குக் கீழே ஒரு பரீட்சை

ஞாபகசக்தியைச் சோதிக்கும் டாக்டரம்மாவின் அறையில், மேஜைக்கு மேலே நடப்பது ஒன்று, கீழே நடப்பது வேறு. மேலே, கணவர் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்த பையனைப் போல உட்கார்ந்திருக்கிறார். கீழே, மனைவியின் கால் அவர் காலின் மேல் தயாராக இருக்கிறது. ஒரு மிதி என்றால் பதில் சொல்ல வேண்டும், இரண்டு மிதி என்றால் வாயை மூட வேண்டும். வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஜன்னல் வெயில் டாக்டரம்மாவின் கைக்கடிகாரத்தில் பட்டுச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டாக ஓடுகிறது. கணவரின் கண்ணும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. "ஐயா, இப்ப மூணு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" ஒரு மிதி. "ஆப்பிள், நாற்காலி, சாவி!" மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கிறார். "அது போன தடவை கேட்டதுங்க. இன்னிக்குச் சொன்னது வேற." மனைவி பொங்கிவிடுகிறாள். "இது என்ன அநியாயம் டாக்டரம்மா! இவர் பல்லு விளக்கும்போதுகூட விடாம சொல்ல வெச்சு, என் தொண்டத் தண்ணி வத்திப் போச்சு!" டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்புகிறார். "சரி ஐயா, உங்ககூட வந்திருக்கிறவங்க யாரு?" அவர் மனைவியை மேலும் கீழும் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். "டியூஷன் டீச்சர்." மனைவியின் முகம் வெளுக்கிறது. அவள் கால் செருப்புக்குள் சில்லிட்டுக் கிடக்கிறது. "ஏங்க..." என்று அவள் வாய் திறக்கும்போது, மேஜைக்குக் கீழே அவருடைய கால் மெல்ல நகர்ந்து வந்து அவள் காலைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டு மிதி.