கூடு காலியான பிறகும்

அநியாயம் நடந்தது அண்ணிக்கு. சொந்த வீட்டு பால்கனியில் நின்று நிம்மதியாக நாலு துணி உலர்த்த வழியில்லை. எதிர்ச்சந்தில் ஒரு தொப்பிக்காரர், முழ நீள லென்ஸ் மாட்டிய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டு, விடிந்தால் இந்த வீட்டையே குறி பார்க்கிறார்.

அப்படித்தான் அண்ணன் போனில் சொன்னான்.

"பேச்சுப் போட்டியில எதிராளியை அழவெச்சு அனுப்புறவளாச்சே நீ. லீவுக்கு வர்றப்போ அந்தத் தொப்பியை நாலு கேள்வி கேளு. நான் போனா அடிதடியாயிடும்."

வீட்டில் இந்தத் தங்கைக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படிப்பதால் மட்டும் வந்த பெயரில்லை அது. ஹாஸ்டலிலிருந்து வந்த மறுநாளே ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் சொன்னது நிஜம்தான். அவன் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்துக்குத் தொப்பி சொல்லிவைத்தாற்போல் ஆஜர். அண்ணனின் பைக் தெருமுனை திரும்பியதும் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு ஆளைக் காணோம். எங்கே போகிறார்? வக்கீலம்மா ஓடிப்போய்ப் பின்கதவைக்கூடப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு பால்கனிப் பக்க ஜன்னலின் திரைச்சீலை. "இழுத்து விடு" என்று அண்ணன் மெதுவாகத்தான் சொல்வான். அவன் குளிக்கப் போனதும் அண்ணி அதை மறுபடி விலக்கிவிடுவாள். வேர்க்கிறதாம். ஃபேன் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மாவின் சந்தேகம் சந்திலிருந்து மெல்ல வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்தது. அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. அதற்குக்கூட ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஜன்னலை ஒருமுறை பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு வேறு சட்டை மாட்டினான். இப்படி ஒரு சாதுவுக்கா இந்தக் கதி?

கீழ்வீட்டு டெய்லர் அக்காவிடம் விசாரித்தாள். தொப்பி வேறு யாருமில்லை, தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

"அவரு பறவைப் பைத்தியம்மா. யார் வீட்டுத் தோட்டத்துல குருவி கத்தினாலும் கேட்டைத் தட்டுவாரு. பொண்டாட்டியை எடுத்த படத்தைவிட மைனாவை எடுத்த படம்தான் அவர் வீட்ல ஜாஸ்தி. உங்க கொடிக்கம்பியில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கே, அதுக்காக நிக்கிறாரு."

கூடு இருந்தது. கம்பியின் ஓரத்தில், நாரும் சருகுமாக ஒரு சுருக்குப்பை போல. வக்கீலம்மா நாற்காலி மேல் ஏறி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு வந்தது ஒற்றைச் சிறகு.

"குஞ்சுங்க எப்பவோ பறந்து போயாச்சே" என்ற அண்ணி, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

போதாதா? காலிக் கூட்டுக்கு யாராவது காவல் நிற்பார்களா?

மறுநாள் காலை, ஹெல்மெட்டும் கையுமாகப் புறப்பட்ட அண்ணனையும் இழுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். டெய்லர் அக்கா, பால் வாங்க வந்தவர்கள் என்று சின்னதாகக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடினால் வக்கீலம்மாவுக்குக் குரல் தானாக ஏறும்.

"என்ன சார் எடுக்கறீங்க?"

"தேன்சிட்டும்மா."

"அதான் பறந்து போச்சே."

"திரும்பி வரும்."

"அதுவரைக்கும் எங்க அண்ணியைப் படம் எடுப்பீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. பேரன் பேத்தி எடுத்த மனுஷர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதனால் என்ன, வயசானால் கண் அவிந்துவிடுமா என்று கேட்டு வக்கீலம்மா அவர்கள் வாயை அடைத்தாள். ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்தால் எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று ஒப்பித்தாள். அத்தனைக்கும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்த படத்தையெல்லாம் காட்டுங்க."

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

அவளே கேமராவைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒன்றுமில்லை. பக்கத்து மூடியைத் திறந்தாள். கார்டு செருகும் இடம் காலி.

"கார்டே இல்லையா?" என்றான் அண்ணன். "இத்தனை நாளா வெறும் டப்பாவா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏதோ சுமை இறங்கியது போன்ற ஒரு நிம்மதிதான் இருந்தது. அவன் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்த பார்வை மட்டும் நன்றாக இல்லை. வக்கீலம்மாவுக்கு என்னவோ உறுத்தியது. ஆனாலும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லையே.

"கூட்டில பறவை இல்லை. கேமராவில கார்டு இல்லை. அப்புறம் தினமும் எங்க வீட்டைப் பார்த்து எதுக்கு சார் நிக்கறீங்க? பதில் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் மெல்லத் தலையை உயர்த்தி, அனுமதி கேட்பதுபோல் மேலே பார்த்தார்.

திரைச்சீலை ஒதுங்கியது. அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அவரை ஏன் கேக்கறே வக்கீலம்மா? நிக்கச் சொன்னது நான். காயத்துக்கு மருந்து வாங்கப் போன கடையில நான்தான் கெஞ்சிக் கேட்டேன். அந்த லென்ஸ் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாத்தான் உங்க அண்ணன் என்மேல கை ஓங்கறதில்லை."