இருபத்தேழாம் எண்

"ஒரு சாரி சொன்னா வாயிலேர்ந்து முத்து கொட்டிடுமா?" என்றார் பி.டி. மாஸ்டர்.

அந்தப் பெண் சொல்லவில்லை.

காலையிலிருந்து தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வரிசை நின்றிருந்தது. பத்தாம் வகுப்பு மொத்தமும் ஒவ்வொருவராக உள்ளே வந்து, வகுப்பு டீச்சரின் முகத்தைப் பார்த்து, வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் எச்சரிக்கையோடு போயிற்று. கேட்காவிட்டால் ஒரு வாரம் சஸ்பென்ஷன்.

எல்லோரும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் மேசைக்கு முன்னால் நின்று தன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மௌன சேலஞ்ச் என்று போனில் ஏதோ பரவிக்கொண்டிருந்தது. ஒருநாள் முழுக்க வகுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது. டீச்சர் தவிப்பதைப் படம் பிடித்துப் போட வேண்டும்.

நேற்றுக் காலை டீச்சர் வழக்கம்போல் குனிந்த தலையோடு அட்டெண்டன்ஸ் எடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரமாகும் என்று அவர் எண்ணைத்தான் கூப்பிடுவார். ஒன்று என்றார். பதிலில்லை. இரண்டு என்றார். பதிலில்லை. கடைசி எண் வரைக்கும் ஒரு குரல் எழவில்லை.

சாயங்காலத்துக்குள் அவர் முகம் எங்கெங்கோ போய்விட்டது. அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்ளும் முகம். அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள். சொந்தத் தங்கையே அதை அனுப்பி, "அக்கா, இது நீதானா?" என்று கேட்டிருந்தாள்.

இவளுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டவள் இவளுடைய பெஞ்சுத் தோழி. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"சாரி டீச்சர். சத்தியமா, மத்தியானத்துக்குள்ளயே எனக்கு மூச்சு முட்டிருச்சு" என்றாள் ரேடியோ.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே போகும்போது ரேடியோ கதவருகே தயங்கினாள். "டீச்சர், இவ வந்து..."

"நேத்து முழுக்க வாய மூடத் தெரிஞ்சுதுல்ல? இப்பவும் மூடிட்டுப் போ" என்றார் டீச்சர்.

ரேடியோ போய்விட்டாள்.

"எல்லாரும் ஆட்டத்த முடிச்சிட்டாங்க. நீ மட்டும் இன்னும் ஆடிட்டே இருக்கியா?" என்று டீச்சர் இவளைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடுகள் லேசாகப் பிரிந்தன. உள்ளே ஏதோ ஒன்று தொண்டை வரை ஏறி வந்து, அங்கிருந்தே திரும்பிப் போனதுபோல் மறுபடி மூடிக்கொண்டன.

டீச்சருக்கு அது திமிராகத் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்டுடுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னது அவர்தான்.

அம்மா மதியம் வந்தாள். பேக்கரியில் வேலை. அவசரத்தில் கைகளை மட்டும் கழுவியிருந்தாள். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது. இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சுவாள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சர் யோசித்து வைத்திருந்தார்.

அம்மா கெஞ்சவில்லை. சஸ்பென்ஷன் கடிதத்தைப் படிக்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "போய் உன் புக்கெல்லாம் எடுத்துட்டு வா கண்ணு" என்று மகளை அனுப்பினாள். அவள் வராந்தாவில் மறையும்வரை காத்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? இவ ஸ்கூல்லயாவது பேசுறாளா?"

டீச்சருக்குப் புரியவில்லை.

"அவங்க அப்பா எங்கள விட்டுட்டுப் போனதுலேர்ந்து வீட்ல ஒரு வார்த்தை கிடையாது. எதுக்கும் தலையாட்டுறதோட சரி. டாக்டர்கிட்ட காட்டினேன். வெளியில எங்கயாவது பேசுறாளான்னு விசாரிங்கன்னாரு. இங்க பேசுறான்னா எனக்கு அது போதும்."

டீச்சரின் கண் அந்தப் பையின் மேல் போய் நின்றது. கடிதத்தின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தார்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"பேசுறாளே" என்றார். "தினமும் அட்டெண்டன்ஸ்ல இருபத்தேழுன்னு கூப்பிட்டா, உள்ளேன் டீச்சர்னு சொல்லுவா. கணீர்னு சொல்லுவா."

பொய் இல்லை. நேற்று ஒருநாளைத் தவிர, இருபத்தேழுக்குப் பதில் வராத நாளே கிடையாது.

"கணீர்னா?" என்றாள் அம்மா. அந்தச் சொல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் இன்னொரு முறை சொன்னாள். "கணீர்னு."

அம்மாவும் மகளும் படியிறங்கிப் போனார்கள். இங்கே பேசுகிறவள்தானே, அப்படியென்றால் இது திமிர்தான் என்று நினைத்தபோது டீச்சருக்கு மனம் லேசாயிற்று. கடிதத்தைத் திருப்பிக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

காலையில் எடுக்காத அட்டெண்டன்ஸை மதிய வகுப்பில் எடுத்தார். குனிந்த தலையோடு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். இன்று ஒவ்வொரு எண்ணுக்கும் உடனே பதில் வந்தது.

"இருபத்தாறு."

"உள்ளேன் டீச்சர்."

"இருபத்தேழு."

"உள்ளேன் டீச்சர்."

கணீரென்று வந்தது.

பேனா நின்றது. டீச்சர் நிமிர்ந்தார்.

கடைசி பெஞ்சில் பாதி இடம் காலியாக இருந்தது. மீதிப் பாதியில் ரேடியோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பழக்க தோஷம் டீச்சர்" என்றாள் விரல்களின் இடுக்கு வழியாக.

யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ப்பக்க ஸ்டாப்பில், பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அம்மா மகளுக்கு முன்னால் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.